வீட்டிலேயே பாரசீக ரொட்டி: திருச்சி பாலக்கரைச் சமையலறைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஈரானி கடை என்றதும் மும்பையின் பன் மஸ்காதான் பலருக்கும் நினைவுக்கு வரும். 1904 முதல் நடக்கும் கயானி கடை அதற்குப் பேர்போனது. ஈரானில் காலை உணவுக்குப் பிய்த்துத் தின்பது வேறு ரொட்டி. நீளவாக்கில் வரி வரியாகப் பள்ளம் விழுந்து, எள் தூவி, பொன்னிறமாக இருக்கும் பர்பரி. லவாஷ், தஃப்தூன், சூடான கூழாங்கற்கள் மேல் சுடும் சங்கக் என்று அங்கே ரொட்டிகள் பல. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் பர்பரியைத்தான் சொல்வேன். அதற்குத் தந்தூர் தேவையில்லை, கேக் சுடும் ஓ.டி.ஜி. போதும். திருச்சியில் நம்மைச் சோதிப்பது வெயில்தான்.

வாங்க வேண்டியவை

இரண்டு ரொட்டிக்கு அரை கிலோ மைதா, ஒரு டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், ஒன்றரை டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சர்க்கரை, 300 முதல் 325 மி.லி. தண்ணீர். எள்ளும் கருஞ்சீரகமும் காந்தி மார்க்கெட் பக்கம் போனால் வாங்கிவிடலாம். ஈஸ்ட் பாக்கெட்டில் தேதியைப் பார்த்து வாங்குங்கள். பழைய ஈஸ்ட்டை வைத்துக்கொண்டு எவ்வளவு பிசைந்தாலும் மாவு எழும்பாது.

மாவு பிசைதல்

வெளிநாட்டுக் குறிப்புகள் எல்லாமே வெதுவெதுப்பான தண்ணீர் கேட்கும். சித்திரை, வைகாசியில் அதைக் கேட்காதீர்கள். பானைத் தண்ணீரை ஊற்றிப் பிசையுங்கள். மாவு கையில் ஒட்டும். ஒட்டுகிறதே என்று மேலும் மைதா தூவினால் ரொட்டி வறண்டுபோகும். கையை லேசாக நனைத்துக்கொண்டு, இழுத்து இழுத்து மடித்துப் பத்து நிமிடம் பிசையுங்கள். சிறு துண்டைக் கிள்ளி விரித்தால், கிழியாமல் வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெல்லிதாக வர வேண்டும்.

புளிக்க வைத்தல்

மூடி நிழலில் வையுங்கள். கோடையில் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே இரட்டிப்பாகிவிடும். மார்கழியில் கூடுதல் நேரம் பிடிக்கும். கடிகாரத்தை நம்ப வேண்டாம். விரலால் அழுத்தினால் பள்ளம் மெதுவாக மேலே வர வேண்டும். வராமல் அப்படியே அமுங்கி நின்றால் அதிகம் புளித்துவிட்டது என்று பொருள்.

ரூமால்: இதுதான் உயிர்

பர்பரியின் நிறமும் மேல்தோலின் மொறுமொறுப்பும் ரூமால் என்ற இந்தக் கஞ்சியால்தான் வருகின்றன. இரண்டு டீஸ்பூன் மைதா, அரை டீஸ்பூன் ஆப்பச் சோடா, அரை டீஸ்பூன் சர்க்கரை, அரை கப் தண்ணீர். கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிண்டி, கஞ்சிப் பதத்தில் இறக்கி ஆறவிடுங்கள். சோடாவின் காரத்தன்மை ரொட்டியின் மேற்பரப்பை விரைவில் சிவக்க வைக்கிறது. நம் வீட்டு அடுப்புக்குத் தந்தூரின் சூடு கிடையாது. அந்தக் குறையில் பெரும்பகுதியை இதுவே ஈடுகட்டுகிறது. தயவுசெய்து இதைத் தவிர்க்காதீர்கள்.

தட்டிச் சுடுதல்

கைப்பிடி இல்லாத இரும்பு தோசைக்கல்லை ஓ.டி.ஜி.க்குள் வைத்து, 230 டிகிரியில் இருபது நிமிடம் சூடாக்குங்கள். மாவை இரண்டாகப் பிரித்து, உருட்டி, கால் மணி நேரம் ஓய்வு கொடுங்கள். ரவை தூவிய தட்டையான தட்டில் ஒரு உருண்டையை வைத்து, கல்லில் அடங்கும் அளவுக்கு நீள்வட்டமாகக் கையால் தட்டுங்கள். பூரிக்கட்டை வேண்டாம், உள்ளிருக்கும் காற்று போய்விடும். மேலே ரூமாலைத் தாராளமாகத் தடவிய பிறகு, விரல் நுனிகளால் அடிவரை அழுத்தி ஐந்தாறு நீளக் கோடுகள் போடுங்கள். மாவு கிழியக் கூடாது. எள், கருஞ்சீரகம் தூவிக் கல்லின் மேல் சரித்துவிடுங்கள். பதினைந்து முதல் பதினெட்டு நிமிடத்தில் வெந்துவிடும். அடியில் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் சத்தம் கேட்க வேண்டும்.

ஓவன் இல்லையென்றால்

இதே மாவில் சிறு உருண்டைகள் எடுத்து, மெல்லிதாகத் தேய்த்து, ஒரு பக்கம் தண்ணீர் தடவி, அந்தப் பக்கம் அடியில் இருக்கும்படி சூடான இரும்புக் கல்லில் ஒட்டுங்கள். குமிழ் வந்ததும் கல்லைக் கவிழ்த்துத் தீயில் காட்டுங்கள். தந்தூர்ச் சுவரில் ஒட்டிச் சுடும் தஃப்தூனுக்கு நெருக்கமாக வரும். நான்ஸ்டிக்கில் இது நடக்காது.

சாப்பிடும் முறை

பன்னீர், புதினா, முள்ளங்கி, கூடவே பால் கலக்காத இனிப்புத் தேநீர். ஈரானில் இப்படித்தான். பர்பரி சில மணி நேரத்தில் விறைத்துவிடும்; மிஞ்சினால் தண்ணீர் தெளித்துத் தோசைக்கல்லில் சூடாக்கலாம். லவாஷ் முதலிய தட்டை ரொட்டிகளைச் செய்து பகிரும் மரபை ஈரான், துருக்கி உள்ளிட்ட ஐந்து நாடுகளின் பெயரில் 2016-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. இரண்டாவது ரொட்டியைச் சூடு ஆறுவதற்குள் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுங்கள்.