நீர் புகுந்த வீட்டை உலர்த்தும் முறை
(நெசவாளர்க்கும் உழவர்க்கும் ஒரு பாடம்)

காவிரிப் பாசன நாட்டில் வாழும் நமக்கு வீட்டினுள் நீர் புகுவது புதிய செய்தி அன்று. 1924 ஜூலையில் காவிரி கரைபுரண்டது. 1952 நவம்பர் 30-லும், 1977 நவம்பர் 12-லும் நாகப்பட்டினத்தை ஒட்டிக் கரையேறிய புயல்கள் தஞ்சைத் தரணியை அலைக்கழித்தன. 2008 நவம்பரில் ‘நிஷா’ புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. 2018 நவம்பர் 16-இல் ‘கஜா’ வந்தது. இவற்றோடு இக்காலத்தில் மற்றொன்றும் சேர்ந்திருக்கிறது. மாடியில் நீர்த்தொட்டி வைத்துச் சுவருக்குள் குழாய் பதிக்கிறோம். அக்குழாய் வெடித்தால், வானத்தில் மேகமே இல்லாத சித்திரையிலும் வீடு வெள்ளக்காடாகும்.

நீர் வந்த வழி எதுவாயினும் அதைப் போக்கும் முறை ஏறக்குறைய ஒன்றே. அம்முறை அறியாமையால் நம் அங்கத்தினர்கள் இருமுறை நட்டப்படுகின்றனர். நீர் செய்யும் நட்டம் முதலாவது. சரியாக உலராத வீட்டில் தறியை ஏற்றுவதாலும் நெல்லைக் கொட்டுவதாலும் நேரும் நட்டம் இரண்டாவது. முதலாவது நம் கையில் இல்லை. இரண்டாவதைத் தவிர்க்கலாம். அதுவே இப்பாடத்தின் நோக்கம்.

1. தெரியும் நீரும் தெரியாத ஈரமும்

தரையில் நிற்கும் நீரை ஒரு நாளில் இறைத்துவிடலாம். செங்கல்லும் மண்ணும் நூலும் நெல்லும் குடித்துவிட்ட நீரை இறைக்க முடியாது. அது உள்ளிருந்து மேற்பரப்புக்கு மெல்ல ஊறி வந்து, காற்றில் ஆவியாகித்தான் வெளியேற வேண்டும். மேற்பரப்பு உலர்ந்ததைக் கண்டு உள்ளும் உலர்ந்ததென்று எண்ணுவதே பெரும்பாலான நட்டங்களுக்குக் காரணம்.

விளக்குத்திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல் செங்கல் சுவரும் நீரை இழுக்கும். ஆகவே, வெள்ளம் ஒரு முழம் நின்றிருந்தால் ஈரம் ஒரு முழத்தோடு நிற்பதில்லை. அதற்கு மேலும் ஏறியிருக்கும்.

2. முதல் நாள் செய்ய வேண்டுவன

முதலில் மின்சாரம். நீரில் நின்றுகொண்டு சுவிட்சையோ மோட்டாரையோ தொடலாகாது. உலர்ந்த இடத்திலிருந்து அணைக்க இயலுமாயின் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். இயலாதாயின் மின்வாரியத்தாரை அழைக்க வேண்டும். மின்பணியாளர் பார்த்துச் சரியென்று சொல்லும்வரை விசிறியும் வேண்டா, தறி மோட்டாரும் வேண்டா. குழாய் வெடித்த வீடாயின் தொட்டியின் அடிவால்வை மூடுவதும் இதனோடு சேர்ந்தது.

அடுத்தது மண்சுவர். ஊறிய மண்சுவர் நீர் நிற்கும்போது நின்று, நீர் வடிந்தபின் விழுவதுண்டு. வெடிப்போ சாய்வோ தெரிந்தால் அதன் அருகில் குழந்தைகளைப் படுக்க வைத்தல் கூடாது.

மூன்றாவது கணக்கு. பொருள்களை அப்புறப்படுத்துமுன் சுவரில் நீர் நின்ற மட்டத்தைக் கோடிட்டுத் தேதி எழுதுக. நனைந்த பாவு, ஊடை, விதை மூட்டை ஆகியவற்றைப் படம் பிடித்துப் பட்டியல் எழுதிச் சங்கத்துக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் தெரிவிக்க. எல்லாம் உலர்ந்தபின் நட்டத்தை மெய்ப்பித்தல் கடினம்.

குழாய் நீர் தூய நீர். வெள்ள நீர் அப்படியன்று. வெள்ளம் புகுந்த வீட்டில் சேற்றை ஈரத்தோடேயே வாரிவிட்டுத் தரையைச் சோப்பால் கழுவி, அதன்பின் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் துடைக்க வேண்டும். அந்நீர் பட்டில் ஒரு துளியும் படலாகாது. அது பட்டிழையை அரித்துவிடும்.

3. காற்றை அறிந்து கதவைத் திறத்தல்

உலர்த்துவது வெயில் மட்டும் அன்று, காற்றே முதன்மையானது. ஆனால் ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்று மேலும் ஈரத்தை ஏற்காது. ஐப்பசி, கார்த்திகை இரவுகளில் நம் பகுதிக் காற்று அத்தகையது. இரவெல்லாம் கதவைத் திறந்து வைத்தால் வெளி ஈரம் உள்ளே வரும். ஆகவே மழையில்லாத நாளில், காலை ஒன்பது மணியளவில் எதிரெதிர்க் கதவு சன்னல்களைத் திறந்து, மாலை நான்கு மணிக்கு மேல் மூடிவிடுதல் நன்று. முற்றமுள்ள பழைய வீடுகள் இவ்வகையில் பேறு பெற்றவை. முற்றமில்லாத வீட்டில் விசிறியைச் சன்னலை நோக்கி வைத்து, உள்காற்றை வெளியே தள்ளச் செய்யலாம். பெட்டி, பீரோ, பத்தாயம் எதுவும் சுவரை ஒட்டி நிற்கலாகாது; ஒரு சாண் விலகி நிற்கட்டும்.

ஈரத்தை விரட்டுவதாக எண்ணிச் சிலர் மூடிய அறையில் கரியடுப்பு மூட்டுகின்றனர். கரிப்புகையில் மணமும் நிறமும் இல்லாத நச்சுவாயு உண்டு. உறக்கத்திலேயே உயிரைப் போக்கும். இதை எக்காரணம் பற்றியும் செய்யலாகாது.

4. சுவரின் பொறுமை

ஓர் அங்குலக் கனம் உலர ஏறத்தாழ ஒரு மாதம் என்பது கட்டடம் கட்டுவோர் வழங்கும் பொதுக்கணக்கு. ஒன்பது அங்குலச் சுவர் இருபுறமும் காற்றுப்பட்டு உலர்ந்தாலும் நான்கு மாதத்துக்கு மேல் ஆகும். வெயிலும் காற்றும் இதனைக் குறைக்கலாம். ஆனால் நாட்களாகக் குறைக்க மாட்டா.

சுண்ணாம்புக் காரை பூசிய பழைய சுவர் ஈரத்தை வெளியே விடும். அதைப் பெயர்த்துச் சிமெண்டு பூசுதல் தவறு. சிமெண்டுப் பூச்சும் எண்ணெய் வண்ணமும் ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். அத்தகைய சுவரை விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். பொள்ளல் ஒலி கேட்கும் இடங்களில் பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல்லுக்குக் காற்றுப்படச் செய்க. வெண்ணிற உப்புப் பூத்தால் உலர்ந்த தூரிகையால் தட்டிவிடுக. நீரால் கழுவினால் உப்பு மீண்டும் சுவருக்குள் செல்லும்.

சுவர் உலர்ந்ததா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு முழச் சதுரப் பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் ஒட்டி ஒரு நாள் விட்டுவைக்க. தாளின் உட்புறம் முத்துமுத்தாக நீர் கோத்திருந்தால் சுவர் இன்னும் ஈரம். வெளிப்புறம் கோத்திருந்தால் காற்றே ஈரம். உட்புறம் தெளிவாக இருக்கும்வரை வெள்ளையடிப்பதையும் வண்ணம் பூசுவதையும் தள்ளிவைக்க வேண்டும்.

5. தறிக்குழி

திருபுவனம், தாராசுரம், அய்யம்பேட்டை போன்ற நெசவூர்களின் குழித்தறி வீடுகளில் கடைசியாக உலருவது குழியே. தெருவில் நீர் நிற்கும்போது குழியை முற்றிலும் இறைத்தல் வீண். ஊற்று மீண்டும் வரும், பக்கங்களும் சரியும். வெளிநீர் வடிந்தபின் சிறிது சிறிதாக இறைக்க வேண்டும். சேற்றைத் தோண்டியெடுத்து, அடியில் உமிச்சாம்பலைப் பரப்பி, அது நனையும்தோறும் மாற்ற வேண்டும். மேலே சொன்ன தாள் சோதனையைக் குழியின் பக்கச் சுவரிலும் தரையிலும் செய்து பார்த்தபின் தறியை ஏற்றுக. ஈரக்குழியில் காலை வைத்து நாள் முழுவதும் அமர்வது உடலுக்கும் தீங்கு.

6. பாவும் ஊடையும்

நனைந்த நூலில் இரண்டு நாளுக்குள் பூசணம் தோன்றிவிடும். கஞ்சியிட்ட பாவு அதற்கு நல்ல இரை. ஆகையால் வீட்டின் மற்றெப் பொருளையும்விட நூலுக்கே முதலிடம் தருக.

பருத்தி நனைந்தால் வலிமை கூடும். பட்டு நனைந்தால் வலிமை குன்றும். ஆதலின் நனைந்த பட்டுப்பாவை இறுக்கி இழுத்தல் ஆகாது. இறுக்கத்தைத் தளர்த்தி நிழலில் காற்றாட விடுக. வெயிலில் இட்டால் பட்டு மஞ்சளாகும். சேறு பட்ட இழையை முதலில் நன்னீரில் அலசி எடுத்துப் பின்னரே உலர்த்த வேண்டும். சரிகையைத் தனியே பிரித்து, மெல்லிய துணியால் ஒற்றியெடுக்க. எஃகு அச்சை உடனே துடைத்து எண்ணெய் தடவி வைக்க வேண்டும். மீண்டும் பாவில் ஏற்றுமுன் எண்ணெயை நன்கு துடைத்துவிட வேண்டும். துருக்கறை ஏறிய சேலையை எந்தச் சங்கமும் முதல் தரமாக எடுத்துக்கொள்ளாது.

7. நெல்

நனைந்த நெல் மூட்டைக்குள் கையை விட்டால் சூடு தெரியும். அச்சூடு கேட்டின் தொடக்கம். மூட்டையை அவிழ்த்து மெல்லிய படலமாகப் பரப்பி, அடிக்கடி கிளறிவிட வேண்டும். விதைநெல்லைக் கடும் உச்சிவெயிலில் திடீரென உலர்த்தாமல், நிழலிலும் இளவெயிலிலும் படிப்படியாக உலர்த்துக. 13 விழுக்காடு ஈரத்துக்கு வந்தபின்னரே சேமிக்கலாம். முளைத்தது விதைக்கு உதவாது. பூசணம் பிடித்த நெல் மாட்டுக்கும் ஆகாது. அதில் நஞ்சு உண்டு.

8. நிறுவையில் ஒளிந்திருக்கும் நீர்

இனிக் கூறப்போவது சங்கக் கணக்கைப் பற்றியது. நாம் தணிக்கை செய்யும்போது, நூல் எடைக்குறைவு என்று நெசவாளர்மீது பற்று எழுதப்பட்டிருப்பதைக் காண்கிறோம். அவற்றுள் சில, திருட்டும் அன்று, கழிவும் அன்று, நீர்.

வணிக வழக்கில், முற்றும் உலர்ந்த எடையோடு பட்டுக்கு 11 விழுக்காடும் பருத்திக்கு 8½ விழுக்காடும் ஈரம் சேர்த்து எடை கணிக்கப்படுகிறது. பட்டு இதற்கு மேலும், தொட்டால் ஈரம் தெரியாமலே, நிறைய நீரை ஏற்கும். கார்த்திகையில் 15 விழுக்காடு ஈரத்தோடு 1,000 கிராம் பட்டு வழங்கினோம் என்று கொள்வோம். அதன் முற்றும் உலர்ந்த எடை சுமார் 870 கிராம். மாசியில் அது 11 விழுக்காட்டுக்கு இறங்கினால் எடை சுமார் 965 கிராம். ஓர் இழையும் தொலையவில்லை. ஆயினும் ஏட்டில் 35 கிராம் குறைவு. இதற்கு நெசவாளர் கூலியில் கைவைப்பது அநீதி.

நெல்லுக்கும் இக்கணக்கே. 22 விழுக்காடு ஈரமுள்ள 100 கிலோ நெல் 14 விழுக்காட்டுக்கு உலர்ந்தால் ஏறத்தாழ 91 கிலோ நிற்கும். கொள்முதல் நிலையத்தின் பொதுவரம்பு 17 விழுக்காடு. மழை மிகுந்த பருவங்களில் அரசு அதைத் தளர்த்தியதும் உண்டு. களத்திலேயே எடையோடு ஈரத்தையும் அளந்து குறித்துக்கொண்டால் பின்னர் வழக்கு எழாது.

9. சங்கம் செய்யக் கூடியவை

ஒரு குடும்பத்தால் இவையனைத்தையும் தனியே செய்ய இயலாது. சங்கம் ஐந்து காரியங்களை ஐப்பசிக்கு முன்பே செய்துவைக்கலாம்: மேட்டுப்பாங்கான கட்டடத்தில் பாவு உலர்த்தப் பொது இடம், தார்ப்பாய்கள், நீர் இறைக்கும் எந்திரம், ஈரம் அளக்கும் கருவி, நூல் வழங்கும் ஏட்டில் எடைக்குப் பக்கத்தில் ஈரம் குறிக்க ஒரு பத்தி. கடைசியாகச் சொன்னதற்கு ஒரு கோடு போடுவதைத் தவிரச் செலவில்லை. நிர்வாகக் குழுவினர் அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக நிறைவேற்றலாம்.

தறியை ஏற்றாமல் காத்திருக்கும் நெசவாளர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பதையும் மறக்கலாகாது. பொறுமையாக இரு என்று சொல்லும் சங்கம், அந்நாட்களுக்கு முன்பணமோ, பொதுக்கூடத்தில் தற்காலிகத் தறியோ, தார் சுற்றும் வேலையோ தரும் வழியையும் உடன் காண வேண்டும். இல்லையேல் நம் அறிவுரை ஏட்டோடு நிற்கும்.

படிப்புக் குழுவில் ஆராய்க

1. நம் ஊரில் கடந்த வெள்ளத்தின்போது நீர் எந்த மட்டம் வரை நின்றது? அதற்கு மேலே அமைந்த பொதுக்கட்டடம் எது?
2. நம் சங்கம் நூல் வழங்கும் நாளிலும் திரும்பப் பெறும் நாளிலும் ஈரத்தைக் கணக்கில் கொள்கிறதா?
3. எடைக்குறைவுக்காக முன்பு பிடித்தம் செய்யப்பட்டவற்றுள், மழைக்காலத்தில் வழங்கிய நூல் எவ்வளவு?
4. பதினைந்து நாள் தறி நின்றால் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு முன்பணம் தேவை? அதைச் சங்கம் எந்த நிதியிலிருந்து தரலாம்?