திரும்பி வரும் வழி

அன்புள்ள தங்கைக்கு,

வேலை கிடைத்ததற்கு வாழ்த்துகள். மில் ஆபீஸ், இரண்டு லினக்ஸ் சர்வர், டேலி ஓடும் ஒரு விண்டோஸ் சர்வர், நாற்பது சொச்சம் கம்ப்யூட்டர், எல்லாவற்றுக்கும் நீ ஒருத்திதான் ஆள் என்று எழுதியிருந்தாய். எந்த சர்டிஃபிகேட் படித்தால் நல்லது என்றும் கேட்டிருந்தாய். தாராளமாகப் படி, சம்பளம் பேசும்போது உதவும். ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு சர்வர் படுத்துக்கொண்டால் அது கைகொடுக்காது. அப்போது உன்னைக் காப்பாற்றுவது ஒரு பழக்கம். எந்த கமாண்டை அடிக்கும் முன்னும், “இது தப்பாகப் போனால் பழைய நிலைக்கு எப்படித் திரும்புவேன்?” என்று கேட்டுக்கொள். பதில் தெரியாதவரை என்டரில் கை வைக்காதே. இந்தக் கடிதத்தில் வேறு எதை எழுதினாலும் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்பேன்.

கிட்லேப் தளத்தில் 2017 ஜனவரி 31 இரவு நடந்ததை நீ ஒரு முறை முழுசாகப் படிக்க வேண்டும். புரோகிராமர்கள் தங்கள் கோடைச் சேமித்து வைக்கும் இடம் அது. மானம் போகிறதே என்று மறைக்காமல் அந்த நிறுவனமே எல்லாவற்றையும் எழுதி வெளியிட்டது. மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக்கூடக் காட்டியது.

அவர்கள் டேட்டாபேஸுக்கு இரண்டு சர்வர்: ஒன்று முதன்மை, மற்றது அதன் நகல். அன்றைக்கு ஸ்பேம் தொல்லையில் சுமை ஏறி, நகல் பின்தங்கிப் போனது. ஒரு எஞ்சினியர் அதைச் சரிசெய்யப் போராடிக்கொண்டிருக்கிறார். நகலைத் தொடக்கத்திலிருந்து எடுக்கும் கமாண்ட், ஓடுகிறதா நிற்கிறதா என்று எதையும் காட்டாமல் கிடக்கிறது. நகல் சர்வரில் கிடக்கும் பழைய டேட்டா ஃபோல்டர்தான் இடிக்கிறதோ என்று அதை அழிக்கிறார். ஓரிரு நொடியில் உறைக்கிறது, டெர்மினல் திறந்திருந்தது முதன்மை சர்வரில். உடனே நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி.

பேக்கப் இருக்குமே என்று தேடினார்கள். தினமும் டேட்டாபேஸை எடுத்து அமேசானில் போட்டு வைக்கும் ஏற்பாடு இருந்தது. போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றுமில்லை. டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ் 9.6, பேக்கப் எடுக்கும் புரோகிராமோ 9.2, பதிப்பு ஒத்துப்போகாமல் தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதும் மெயில் போகும்படி அமைத்துத்தான் இருந்தார்கள். அந்த மெயிலில் உரிய கையொப்பம் இல்லை என்று மெயில் சர்வர் அதைத் திருப்பிவிட்டது. அஷூர் டிஸ்க் ஸ்னாப்ஷாட் வசதி மற்ற சர்வர்களுக்கு இருந்தது, டேட்டாபேஸ் சர்வருக்குப் போடவில்லை. கடைசியில் கைகொடுத்தது, ஏறக்குறைய ஆறு மணி நேரம் முன்னால் வேறொரு சோதனைக்காகத் தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட். அதிலிருந்து மீட்டார்கள். இடையில் இருந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான்.

இதைப் படிக்கிறவர்கள் எல்லாரும் அந்த எஞ்சினியரின் விரலையே பார்க்கிறார்கள். விரல் யாருக்கும் வழுக்கும், அதுவும் நடுராத்திரியில், களைத்த கண்ணோடு. தோற்றுக்கொண்டே இருந்த பேக்கப்பை யாரும் திறந்து பார்க்கவில்லை என்பதைத்தான் நான் பெரிய குறையாக எடுத்துக்கொள்வேன். பிழை வந்தால் மெயில் வரும், மெயில் வராததால் பிழை இல்லை என்று இருந்துவிட்டார்கள். நீ மாற்றி வை. பேக்கப் முடிந்த நாளிலும் ஒரு மெயில் வரட்டும், அதில் ஃபைலின் அளவும் இருக்கட்டும். ஒரு நாள் காலை அந்த மெயில் காணவில்லை என்றாலோ, நேற்று 6 ஜிபி இருந்தது இன்று 12 கேபி என்றாலோ, டீ குடிக்கப் போகும் முன் பார்த்துவிடு.

மாதம் ஒரு முறை மீட்டுப் பார். டேலி பேக்கப் என்றால் சர்வரைத் தொடாமல் வேறொரு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய், கம்பெனியைத் திற, அக்கவுண்ட்ஸில் இருப்பவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கடைசி வவுச்சர் நேற்றையதா என்று பார்க்கச் சொல். அவர் “ஆமாம்” என்று சொன்னால்தான் உன்னிடம் பேக்கப் இருக்கிறது என்று கணக்கு. எவ்வளவு நேரம் பிடித்தது என்பதையும் குறித்துக்கொள். சர்வர் விழுந்த அன்று எம்.டி. வந்து கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

“ரெய்டு போட்டிருக்கிறோம், இரண்டு டிஸ்க்கிலும் இருக்கிறது” என்று உனக்கு முன்னால் இருந்தவர் சொல்லிவிட்டுப் போனதாக எழுதியிருந்தாய். ஒரு டிஸ்க் செத்தால் வேலை நிற்காமல் ஓடும், அதற்குத்தான் ரெய்டு. நீ ஒரு ஃபோல்டரை அழித்தால் அது இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் அழியும். வைரஸ் வந்து பூட்டினால் இரண்டையும் பூட்டும். பேக்கப்புக்கு 3-2-1 என்று ஒரு கணக்கு உண்டு, பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக் கலைஞர் பரப்பியது: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில். அந்தக் கடைசி ஒன்றைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூரில் ஓவிஎச் நிறுவனத்தின் ஐந்து மாடி டேட்டா சென்டர் எரிந்து போனபோது, சர்வரையும் பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள். உங்கள் ஆபீசில் வெளி ஹார்டு டிஸ்க் எப்போதும் சர்வரிலேயே செருகியிருக்கிறது என்றால், அதுவும் ஏறக்குறைய அதே ஏற்பாடுதான். இரண்டு டிஸ்க் வாங்கு. ஒன்று செருகியிருக்கும்போது மற்றது மேனேஜர் வீட்டு அலமாரியில் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை தோறும் மாற்று.

கிட்லேப்காரர்கள் பிறகு செய்ய முடிவெடுத்தவற்றில் சின்ன விஷயம் ஒன்று: எந்த சர்வரில் இருக்கிறோம் என்பது டெர்மினலின் ப்ராம்ப்டிலேயே பளிச்சென்று தெரிய வேண்டும் என்பது. நீயும் செய். நிஜ சர்வர் சிவப்பு, சோதனை சர்வர் பச்சை. பத்து நிமிட வேலை. அழிக்கிற கமாண்டாக இருந்தால் முதலில் அதே பாதையைப் பட்டியலிட்டுப் பார், பிறகு அழி. ஆர்சிங்கில் அழிக்கும் ஆப்ஷன் சேர்த்தால் முதலில் டிரை ரன் ஓட்டு. என்னென்ன போகப்போகிறது என்று பட்டியல் காட்டும். அவசரமில்லாத இடத்தில் அழிக்கவே வேண்டாம், ஃபோல்டரின் பெயரை மாற்றி வை. ஒரு வாரம் யாரும் கூப்பிடவில்லை என்றால் பார்த்துக்கொள்ளலாம்.

தூரத்தில் இருக்கும் சர்வரில் ஃபயர்வாலையோ நெட்வொர்க்கையோ தொடுவது கிணற்றில் இறங்குகிற மாதிரி. கயிற்றை மேலே கட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். விதியை மாற்றும் முன், ஐந்து நிமிடத்தில் பழைய விதியைத் திரும்பப் போடும்படி ஒரு வேலையைக் குறித்து வை. எல்லாம் சரியாக இருந்தால் அந்த வேலையை ரத்து செய். நீயே உன்னை வெளியே வைத்துப் பூட்டிக்கொண்டாலும் ஐந்து நிமிடத்தில் கதவு திறந்துவிடும். உபுண்டுவில் நெட்பிளான் டிரை என்று இதற்கே ஒரு கமாண்ட் இருக்கிறது. 120 நொடிக்குள் நீ உறுதி சொல்லாவிட்டால் தானாகப் பழைய அமைப்புக்குப் போய்விடும். எஸ்எஸ்எச் அமைப்பை மாற்றும்போது, இருக்கும் இணைப்பை மூடாதே. இன்னொரு ஜன்னலில் புதிதாக உள்ளே நுழைய முடிகிறதா என்று பார்த்த பிறகு பழையதை மூடு. என்ஜின்எக்ஸ், எஸ்எஸ்எச் இரண்டுமே அமைப்பு ஃபைலைப் பிழைபார்த்துச் சொல்லும். கேட்காமலே ரீஸ்டார்ட் கொடுப்பவர்கள்தான் அதிகம்.

நீ திண்டாடியதாகச் சொன்ன அந்த டிஸ்க் விஷயத்துக்கு வருகிறேன். டிஎஃப் போட்டால் 100 சதவீதம் என்கிறது, டியூ போட்டுக் கூட்டினால் பாதிதான் வருகிறது, பெரிய லாக் ஃபைலை அழித்தும் ஒரு எம்பிகூடக் குறையவில்லை. ஆவி ஏதும் இல்லை. யுனிக்ஸ் வழியில் ஃபைலை அழிப்பது என்றால் பெயரை நீக்குவதுதான். ஏதாவது ஒரு புரோகிராம் அதைத் திறந்து வைத்திருக்கும் வரை அந்த இடம் திரும்பி வராது. எல்எஸ்ஓஎஃப் போட்டு, அழிக்கப்பட்டும் திறந்திருக்கும் ஃபைல்களைப் பார். உன் விஷயத்தில் ஜாவா சர்வீஸ் ஒன்று பிடித்துக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். அதை ரீஸ்டார்ட் செய்தால் இடம் வந்துவிடும். இனிமேல் ஓடிக்கொண்டிருக்கும் லாக்கை அழிக்காதே, அளவைச் சுழியமாக்கு. நிரந்தரமாக லாக்ரொட்டேட் அமைத்துவிடு. இதையும் பார்த்து இடம் நிறைய இருந்தும் “இடமில்லை” என்றால் ஐநோடு, அதாவது ஃபைலுக்கு ஒன்றாகச் செலவாகும் பதிவு, தீர்ந்திருக்கும். லட்சக்கணக்கில் பொடி ஃபைல்களை எங்காவது ஏதோ ஒரு புரோகிராம் கொட்டிக்கொண்டிருக்கும். இன்னொன்று, எக்ஸ்ட்4-இல் வழக்கமாக 5 சதவீத இடம் ரூட்டுக்கு ஒதுக்கியிருக்கும். சாதாரண பயனருக்கு நிறைந்து போன டிஸ்க்கில் உன்னால் மட்டும் உள்ளே நுழைந்து சரிசெய்ய முடிவது அதனால்தான். அந்த ஐந்து சதவீதத்தை வீணென்று நினைத்துக் குறைக்கச் சொல்லுவார்கள். சிஸ்டம் இருக்கும் பார்ட்டிஷனில் விட்டுக்கொடுக்காதே.

கிரானில் போட்ட வேலை கையால் ஓட்டினால் ஓடுகிறது, தானாக ஓடவில்லை என்றால், நூற்றுக்குத் தொண்ணூறு முறை பாதைதான் காரணம். முழுப் பாதையை எழுது. அவ்வளவுதான்.

அப்டேட் பற்றி உங்கள் ஆபீசில் இரண்டு கட்சி இருக்கும். “ஓடுகிறதைத் தொடாதே” என்று ஒன்று, “வந்தவுடன் போட்டுவிடு” என்று ஒன்று. முதல் கட்சிக்கு, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸைச் சொல். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே கொடுத்துவிட்டது. தாக்குதல் வந்தது மே 12. இரண்டு மாதம் போடாமல் இருந்தவர்கள் மாட்டினார்கள். இரண்டாம் கட்சிக்கு 2024 ஜூலை 19 இருக்கிறது. க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பழுதான ஒரு ஃபைலால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன. என் வழி நடுவில்: பாதுகாப்பு அப்டேட் வந்தால் முதலில் உன் கம்ப்யூட்டரிலும், வேலையை நிறுத்தாத இன்னொன்றிலும் போடு. இரண்டு மூன்று நாள் பார். ஒரு வாரத்துக்குள் எல்லாவற்றிலும் முடித்துவிடு. முடித்ததும் சர்வரை ரீஸ்டார்ட் செய், ஷிஃப்ட் இல்லாத ஞாயிறாகப் பார்த்து. இரண்டு வருடமாக ரீஸ்டார்ட் ஆகாத சர்வர் என்று பெருமை பேசுவோர் உண்டு. அது மறுபடி எழுமா என்று அவர்களுக்கே தெரியாது.

கரண்ட் விஷயம் புத்தகத்தில் இருக்காது. யூபிஎஸ்ஸிலிருந்து சர்வருக்கு ஒரு யூஎஸ்பி கேபிள் போக வேண்டும். பேட்டரி தீரும் நேரத்தில் சர்வர் தானாக முறையாக அணைய அதுதான் சேதி சொல்லும். முக்கால்வாசி இடங்களில் அந்தக் கேபிள் பிரிக்காத கவரில் யூபிஎஸ் டப்பாவுக்குள்ளேயே கிடக்கும். போய்த் தேடு. நம் ஊர் வெயிலில், ஏசி இல்லாத அறையில், பேட்டரி சொன்ன ஆயுளுக்கு வராது. மெயின் சுவிட்சை அணைத்து எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார். எர்த் சரியா என்று மில் எலக்ட்ரீஷியனைக் கேள். பஞ்சு பறக்கிற இடம் என்பதால் ஃபேன், ஹீட்சிங்க் சுத்தம் செய்வதை உன் காலண்டரில் எழுதி வை.

இன்னொரு விஷயம், வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ரூட் பாஸ்வேர்டு கையில் இருப்பவரால் எம்.டி.யின் மெயிலையும் படிக்க முடியும், பக்கத்து சீட்டுக்காரரின் சம்பளத்தையும் பார்க்க முடியும். பார்க்காதே. ஒரு நாள் யாராவது அதிகாரத்தோடு வந்து “அவர் மெயிலைக் கொஞ்சம் எடுத்துக் கொடு” என்று கேட்பார்கள். எழுத்தில் கொடுங்கள் சார் என்று மட்டும் சொல். பாதிப் பேர் அதோடு போய்விடுவார்கள்.

சாட்ஜிபிடி சொன்னது, எங்கோ கிடைத்தது என்று சூடோ போட்டு ஒட்டும் கமாண்டுகளைப் பற்றித் தனியாக எழுத நினைத்தேன். வேண்டாம். ஒவ்வொரு சொல்லும் என்ன செய்கிறது என்று உனக்கு விளக்கத் தெரிந்தால் ஒட்டு. 777 அனுமதி கொடுக்கச் சொல்லும் எந்த ஆலோசனையையும் அங்கேயே மூடிவிடு.

வீட்டு கம்ப்யூட்டருக்கும் இதெல்லாம்தான், அளவு மட்டும் சின்னது. ஒன்றே ஒன்று உடனே செய். க்ரவுட்ஸ்ட்ரைக் அன்று ஒவ்வொரு கம்ப்யூட்டராக சேஃப் மோடில் போய்ச் சரிசெய்ய வேண்டியிருந்தது. பிட்லாக்கர் பூட்டிய டிஸ்க்குகள் மீட்புச் சாவி கேட்டன. அந்தச் சாவிகளை வைத்திருந்த சர்வரே சில இடங்களில் எழவில்லை. நம் வீட்டிலும் அதே கதை நடக்கலாம். புது விண்டோஸ் லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே பல சமயம் டிஸ்க் பூட்டு தானாக விழுந்துவிடுகிறது. வீட்டில் யாருக்கும் அது தெரியாது. சர்வீஸ்காரர் மதர்போர்டை மாற்றினால், சில சமயம் பயாஸ் அப்டேட் போட்டால்கூட, அடுத்த முறை 48 இலக்கச் சாவி கேட்டு நிற்கும். அப்பாவின் லேப்டாப் போன வருடம் வாங்கியதுதானே? ஊருக்குப் போகும்போது அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து சாவியைப் பார்த்து, தாளில் அச்செடுத்து, வீட்டுப் பத்திரம் இருக்கும் ஃபைலில் வை. அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு அவருக்கு நினைவிருக்கிறதா என்று முதலில் போன் போட்டுக் கேள்.

அன்புடன்,
அண்ணன்