நாணய செட் புக் பண்றதுக்கு முன்னாடி அக்காகிட்ட ஒரு வார்த்தை

நூறு ரூபாய் நினைவு நாணயம் வருதுன்னு செய்தி வந்தா போதும், "இப்பவே புக் பண்ணி வை, பாப்பா கல்யாணத்துக்கு லட்சத்துல போகும்"னு குடும்ப குரூப்ல யாராவது அனுப்பிடுவாங்க. வாங்கு தங்கச்சி, வேண்டாம்னு சொல்லலை. எம்.எஸ். சுப்புலட்சுமி நாணயமோ, எம்.ஜி.ஆர். நாணயமோ, கலைஞர் நாணயமோ, யார் மேல பிரியமோ அவங்க நாணயம் வீட்டுல இருந்தா அழகுதான். கல்யாணச் செலவுக்கு மட்டும் அதை நம்பாதே.

காரணம் ரொம்ப சாதாரணமானது. ஒரு நாணயத்துக்கு விலை ஏறணும்னா அது அழியணும், தொலையணும், தேயணும். கொஞ்சம்தான் நல்ல நிலையில மிஞ்சணும். நினைவு செட்டை வாங்கற அத்தனை பேரும் பெட்டியோட பீரோவுல பூட்டி வைக்கறாங்க. முப்பது வருஷம் கழிச்சும் அத்தனையும் புதுசாவே இருக்கும், விற்க வர்றவங்களும் அத்தனை பேர் இருப்பாங்க. சுதந்திர இந்தியாவோட முதல் நினைவு நாணயம் 1964-ல நேரு படத்தோட வந்தது. அந்த ஒரு ரூபாயை எடுத்து வைக்காத வீடே அப்ப கம்மி. அறுபது வருஷம் ஆகியும் சாதாரண நிலையில இருக்கற நேரு நாணயத்துக்குப் பெரிய விலை கிடையாது.

பழசுன்னாலே விலைன்னு நினைக்கறதும் தப்பு. தஞ்சைப் பெரிய கோயிலோட ஆயிரமாவது ஆண்டுக்கு 2010-ல ஆயிரம் ரூபாய் நாணயம் போட்டாங்க, நினைவிருக்கா? 35 கிராம், அதுல 80 சதவீதம் வெள்ளி. நாணயம் அச்சடிக்கற அரசு மின்ட் அதை வித்ததே ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு. அந்தக் கோயிலைக் கட்டின ராஜராஜன் வெளியிட்ட செப்புக் காசு, ஆயிரம் வருஷம் பழசு, நாணயக் கண்காட்சியில சில நூறு ரூபாய்க்கே கிடைக்குது. நிறைய கிடைச்சிருக்கு, அவ்வளவுதான் விஷயம்.

இது நம்ம ஊர்ல மட்டும் நடக்கறது இல்ல. அமெரிக்காவுல 1999-லேர்ந்து 2008 வரைக்கும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு கால் டாலர் நாணயம் போட்டாங்க. ஜனங்க பைத்தியமா சேர்த்தாங்க. அதுல, சேகரிக்கறவங்களுக்குன்னே பளபளன்னு அச்சடிச்ச 1999 வெள்ளி ப்ரூஃப் செட் வெளியீட்டு விலையைப் போல பல மடங்கு ஏறிச்சு. ஆர்வம் அடங்கினதும் சரிஞ்சிடுச்சு. உச்சத்துல வாங்கினவங்க நிலைமையை யோசிச்சுப் பாரு. இங்கிலாந்துல நேர் எதிர்க் கதை. 2009-ல க்யூ தோட்டம் படம் போட்ட 50 பென்ஸ் நாணயம் புழக்கத்துக்கு விட்டாங்க, மொத்தம் 2,10,000தான். யாரும் விசேஷமா கவனிக்கலை, கடையில குடுத்து வாங்கினாங்க. அதைத்தான் இன்னைக்கு முகமதிப்பைப் போல நூறு மடங்குக்கும் மேல குடுத்துத் தேடறாங்க.

இப்ப கணக்குக்கு வருவோம். நம்ம நூறு ரூபாய் நினைவு நாணயங்கள்ல பெரும்பாலானது 35 கிராம் எடை, 44 மில்லிமீட்டர் விட்டம். வெள்ளி 50 சதவீதம், செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5. அதாவது உள்ளே இருக்கற வெள்ளி பதினேழரை கிராம். பேப்பர்ல வர்ற இன்றைய ஒரு கிராம் வெள்ளி விலையை 17.5-ஆல பெருக்கு. மின்ட் கேக்கற விலைக்கும் அதுக்கும் எவ்வளவு வித்தியாசமோ, அது நீ அழகுக்கும் பெட்டிக்கும் குடுக்கற காசு. இந்தக் கணக்கைப் போடாம புக் பண்ணவே பண்ணாதே. உலோகம் எல்லா நாணயத்துக்கும் ஒண்ணு இல்ல. ரிசர்வ் வங்கியோட 90-வது ஆண்டுக்கு 2024-ல வந்த 90 ரூபாய் நாணயம் 40 கிராம் சுத்த வெள்ளி. அறிவிப்புல உலோகம் என்னன்னு ஒரு வரி இருக்கும், அதைப் படி.

உலோகம் பண்ற வித்தியாசம் பழைய செட்டுல நல்லாவே தெரியும். 1969 காந்தி நூற்றாண்டு பத்து ரூபாய் 15 கிராம், 80 சதவீதம் வெள்ளி. வெள்ளி ஏறினப்ப அதுவும் கூடவே ஏறிச்சு. 1974-க்குள்ள பத்து ரூபாய் நினைவு நாணயம் செம்பு நிக்கலா மாறிடுச்சு. அதுக்குப் பின்னால நிக்கற உலோகம் கிடையாது, சேகரிக்கறவங்க ஆசைதான் விலை. "என் செட் விலை ஏறிடுச்சு"ன்னு யாராவது பெருமைப்பட்டா, ஏறினது செட்டா வெள்ளியான்னு கேளு. வெள்ளின்னா, அதே காசுக்கு நேரா வெள்ளியே வாங்கியிருந்தா இன்னும் அதிக கிராம் கையில இருந்திருக்கும்.

"சரி, எதுவும் ஆகலைன்னா உருக்கிடலாம்"னு நினைக்காதே. 2011 நாணயச் சட்டப்படி நாணயத்தை உருக்கறது குற்றம், ஏழு வருஷம் வரைக்கும் சிறை. நினைவு நாணயமும் அந்தச் சட்டத்துல நாணயம்தான். கடைசியில இன்னொரு சேகரிப்பாளர் வரணும், இல்லேன்னா வியாபாரி வரணும். வியாபாரி தன் லாபத்தை வச்சுக்கிட்டுத்தான் விலை சொல்வார். அதனால வாங்கறதுக்கு முன்னாடியே ஒரு வேலை பண்ணு: அஞ்சு வருஷத்துக்கு முந்தின செட் ஒண்ணைச் சொல்லி, "இதை நான் குடுத்தா எவ்வளவு தருவீங்க?"ன்னு ரெண்டு வியாபாரிங்ககிட்ட கேளு. ஆன்லைன்ல போட்டிருக்கற விலை கேக்கற விலைதான். ஏலத்துல முடிஞ்ச விலையைப் பாரு. கிசான் விகாஸ் பத்திரம் 2023 ஏப்ரல்ல வந்த 7.5 சதவீத வட்டிக்கு 115 மாசத்துல இரட்டிப்பாகும். நாலாயிரம் குடுத்த செட் அதே காலத்துல எட்டாயிரமா உன் கையில வந்தாத்தான் போஸ்ட் ஆபீஸுக்குச் சமம்.

பிரியத்துக்கு வாங்கறதுன்னா, ஒழுங்கா வச்சுக்கத் தெரியணும். ப்ரூஃப் நாணயத்தோட பின்புலம் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கும், விரல் பட்டா ரேகை அப்படியே பதியும். விளிம்பைப் பிடிச்சுத்தான் எடுக்கணும். முக்கியமா, நாணயம் கறுத்துடுச்சுன்னு குத்துவிளக்குக்குப் போடற விபூதியையும் புளியையும் எடுத்துக்கிட்டு உக்காராதே! பற்பசையும் கூடாது. ஒரே தேய்ப்புல மதிப்பு பாதியாயிடும், கறுப்போட இருந்தாலே சேகரிக்கறவங்க மதிப்பாங்க. மலிவான பி.வி.சி. உறையில போட்டா பச்சைப் பிசின் மாதிரி படியும். கடலோர ஊர்ல இருந்தா சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒண்ணு போட்டு வை. மின்ட் பெட்டி, உள்ளே வர்ற புத்தகம், பில் மூணும் ஒண்ணா இருக்கட்டும். பெட்டி இல்லாத செட்டைப் பாதி விலைக்குக் கேப்பாங்க.

மின்ட்டோடதுக்கும் தனியார் "லிமிடெட் எடிஷன்" மெடலுக்கும் வித்தியாசம் பாத்துக்கோ. சிங்கமுத்திரையும் ரூபாய் மதிப்பும் இல்லேன்னா அது நாணயமே இல்ல, அழகான வெள்ளிப் பதக்கம். விற்கப் போனா வெள்ளி விலைதான், அதுலயும் கழிவு.

வைஷ்ணவி தேவி படம் போட்ட அஞ்சு ரூபாய், பத்து ரூபாய்க்கு லட்சம் தர்றாங்கன்னு வீடியோ வந்தா தாண்டிப் போயிடு. 2012-ல வந்த அந்த நாணயங்கள் நிறையவே புழக்கத்துல இருக்கு. அதைவிட மோசம், "உங்க நாணயத்துக்கு அனுமதி வாங்க ரிசர்வ் வங்கிக்குக் கட்டணம் கட்டுங்க"ன்னு வர்ற போன். 2021 ஆகஸ்ட்ல ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை குடுத்தது: பழைய நாணய வியாபாரத்துல தாங்க இறங்கறதே இல்ல, யாருகிட்டயும் கமிஷன் கேக்கறதும் இல்ல. (நம்ம ஊர்க் கடையில செல்லுபடியாகற பத்து ரூபாய் நாணயத்தையே வாங்க மாட்டேங்கறாங்க, இதுல அஞ்சு ரூபாய்க்கு லட்சமாம்!)

பட்டுப்புடவை எடுக்கறப்ப திருப்பி விற்கற விலையைக் கேக்கறோமா? பிடிச்சிருக்கு, கட்டறோம். செட்டையும் அப்படி வாங்கு. பிடிச்ச தலைவருக்கோ பாட்டுக்காரம்மாவுக்கோ ஒண்ணு, நேரா மின்ட் இணையதளத்துலேயே புக் பண்ணு. அதே செட்ல ரெண்டாவது, மூணாவது "முதலீட்டுக்கு"ன்னு வாங்காதே. பாப்பா பேர்ல ஏதாவது சேர்க்கணும்னா பக்கத்து போஸ்ட் ஆபீஸ்ல செல்வமகள் கணக்கு இருக்கு, வருஷத்துக்கு 250 ரூபாய் கட்டினாலே ஆரம்பிக்கலாம். இந்த வாரமே போய் ஆரம்பிச்சுட்டு வந்து அப்புறமா நாணயத்தைப் பாரு.