சதுரம் செவ்வகம் ஆகுமா?

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள், தேர்வில் செவ்வகம் வரையச் சொன்னதற்குச் சதுரம் வரைந்திருக்கிறாள். ஆசிரியர் மதிப்பெண் தரவில்லை. ‘சதுரமும் செவ்வகம்தானேம்மா?’ என்று கேட்கிறாள். யார் சொல்வது சரி?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் மகள் சொல்வதுதான் சரி. நான்கு கோணங்களும் செங்கோணமாக இருக்கும் நாற்கரம் செவ்வகம். இன்றைய வரையறை கேட்பது அவ்வளவுதான். நீளமும் அகலமும் வேறுபட வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை; படங்களில் எப்போதும் நீளவாட்டில் பார்த்துப் பழகியதால் நாமே சேர்த்துக்கொண்ட நிபந்தனை அது.

ஆசிரியரின் எண்ணத்துக்கும் பழைய வேர் உண்டு. சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன் யூக்ளிட் தம் ‘எலிமெண்ட்ஸ்’ நூலில் இரண்டையும் பிரித்தே வைத்தார். செங்கோணத்தோடு பக்கங்களும் சமமாக இருந்தால் சதுரம், செங்கோணம் இருந்தும் பக்கங்கள் சமமாக இல்லாவிட்டால் அதற்கு வேறு பெயர். செங்கோணம் உள்ளதைச் சாய்சதுரத்திலும் அவர் சேர்க்கவில்லை.

பிறகு ஏன் கணிதம் சதுரத்தைச் செவ்வகத்துக்குள் கொண்டுவந்தது? 20 மீட்டர் கம்பிவேலியால் செவ்வக வடிவில் ஓர் இடத்தை அடைக்க வேண்டும். எப்படி அடைத்தால் பரப்பு மிக அதிகம்? 7-க்கு 3 என்றால் 21 சதுர மீட்டர், 6-க்கு 4 என்றால் 24, 5-க்கு 5 என்றால் 25. சதுரம் செவ்வகமல்ல என்று தள்ளிவிட்டால் இந்தக் கேள்விக்கு விடையே கிடையாது! 5.1-க்கு 4.9 வைத்தால் 24.99 வரும், அதைவிடச் சற்றே பெரியது ஒன்று எப்போதும் இருந்துகொண்டே இருக்கும்.

இன்னொரு லாபமும் உண்டு. இணைகரத்தின் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று சரிபாதியாக வெட்டும். செவ்வகத்தில் அவை சம நீளம். சாய்சதுரத்தில் செங்குத்தாக வெட்டும். சதுரம் இந்த மூன்று குடும்பத்திலும் உறுப்பினர் என்பதால் மூன்று பண்புகளும் அதற்குத் தாமாகவே வந்துவிடுகின்றன; தனித்தனியே நிறுவ வேண்டியதில்லை. தச்சர் நிலைச்சட்டத்தின் எதிரெதிர்ப் பக்கங்களைச் சமமாக அறுத்துப் பூட்டியபின் மூலைக்கு மூலை குறுக்கே அளந்து பார்ப்பார். இரண்டு அளவும் ஒன்றானால் மூலைகள் செங்கோணம். சட்டம் சதுரமோ நீளமோ, சோதனை ஒன்றுதான்.

சரிவகத்தில் மட்டும் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. ஒரு சோடிப் பக்கங்கள் ‘மட்டும்’ இணை என்பவர்களுக்கு இணைகரம் சரிவகமல்ல. ‘குறைந்தது’ ஒரு சோடி என்பவர்களுக்கு அதுவும் சரிவகமே. அந்தப் பாடம் வரும்போது மகளைப் பாடநூலின் வரையறையை முதலில் படிக்கச் சொல்லுங்கள். இப்போதைக்கு, விடைத்தாளுடன் செவ்வகத்தின் வரையறையையும் எடுத்துக்கொண்டு அவளே ஆசிரியரிடம் போய்க் கேட்கட்டும்.