வேறு வேறு இன்ஜின்கள், ஒரே வேகம்

அமெரிக்கச் சரக்கு ரயில் ஒன்றின் காணொலியை ஒன்பதாம் வகுப்புக்கு ஹைடெக் லேபில் காட்டினேன். முன்னால் மூன்று இன்ஜின்கள். மூன்றும் வேறு வேறு மாதிரி. "சார், புதுசு வேகமா இழுத்தா பழசையும் சேர்த்துல்ல இழுக்கணும்?" என்றான் ஒரு மாணவன். சூத்திரத்தைத் தடையின்றி ஒப்பிப்பவர்களும் விசை, திறன், வேகம் மூன்றையும் குழப்பிக்கொள்ளும் இடம் இதுதான்.

அங்குள்ள ரயில் நிறுவனங்களிடம் பல பத்தாண்டுகளில் வாங்கிய இன்ஜின்கள் இருக்கின்றன. 1972இல் வந்த எஸ்டி40-2 இன்ஜின் 3,000 குதிரைத்திறன் கொண்டது. இந்த நூற்றாண்டில் வந்த இஎஸ்44ஏசி சுமார் 4,400. ரயிலின் எடைக்கும் வழியிலுள்ள ஏற்றத்துக்கும் தேவையான திறனைக் கணக்கிட்டு, யார்டில் இருப்பவற்றைச் சேர்த்துவிடுவார்கள். ஒரே மாதிரி இன்ஜினுக்காகக் காத்திருந்தால் சரக்கு நகராது. இவற்றை இணைப்பது 27 முனைகள் கொண்ட ஒரு கேபிள். முதல் இன்ஜினில் ஓட்டுநர் எட்டுப் படிகளில் ஒன்றை வைத்தால், அதே கட்டளை எல்லாவற்றுக்கும் போகும். கேபிள் சொல்வது 'ஐந்தாம் படி' என்று மட்டுமே. 'இத்தனை வேகம்' என்றல்ல. அந்தப் படியில் ஒவ்வொன்றும் தன் திறனுக்கேற்ப இழுக்கும். விசையே தராத இன்ஜின்தான் மற்றவற்றுக்குச் சுமை.

இனி கரும்பலகை. ஒரு குதிரைத்திறன் 746 வாட், இழப்புகளை விட்டுவிடுவோம். மணிக்கு 36 கி.மீ., அதாவது வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில், முழுத் திறனில் பழையது தரும் விசை சுமார் 224 கிலோநியூட்டன், புதியது 328. வேகம் ஒன்றே, விசைகள் கூடி 552. வேகம் இரட்டித்தால் விசை பாதியாகும்.

"அப்படியானால் வேகம் பூஜ்ஜியத்தை நெருங்கும்போது விசை முடிவிலியா?" என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பு அமைதியாகிவிடும். உராய்வு தாங்கும் அளவுக்கு மேல் இழுத்தால் சக்கரம் தண்டவாளத்தில் வழுக்கும். அதோடு, பழையதிலுள்ள நேர்திசை மின்மோட்டார்கள் ஏற்றத்தில் நெடுநேரம் ஊர்ந்தால், அதிக மின்னோட்டத்தால் சூடேறிக் கெடும். புதியதின் மாறுதிசை மோட்டார்கள் இதை நன்றாகவே தாங்கும். ஆகவே கலந்து இணைக்கும்போது பழைய இன்ஜினின் இந்த வரம்பையும் பார்க்க வேண்டும்.

ஆய்வகம் வேண்டாம், ஒரு பெஞ்சும் இரண்டு சுருள்வில் தராசுகளும் போதும். வலுவில் வேறுபட்ட இருவரைச் சீராக இழுக்கச் சொல்லுங்கள். அளவீடுகள் வேறுபடும், பெஞ்சு ஒரே வேகத்தில் நகரும். பிறகு ஒருவரே இழுத்த அளவை, முந்தைய இரண்டின் கூடுதலோடு ஒப்பிடட்டும். கயிறுகள் இணையாக இருக்க வேண்டும். கோணம் விழுந்தால் நேரடிக் கூட்டல் பொருந்தாது.