ஐந்து மைலுக்குள் ஒரு செவிலியர்



கிராமத்தில் ஒரு தாய் பிரசவத்தில் மரித்தால், இரத்தப்போக்கு என்றோ ஜன்னி என்றோ காரணம் எழுதுகிறோம். அவள் வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் இடையே இருந்த தூரத்தை யாரும் எழுதுவதில்லை. இம்முறை அந்தத் தூரத்தைப் பற்றிப் படிப்போம்.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், அப்பலாச்சியன் மலைகளுக்குள் இருக்கிறது லெஸ்லி கவுண்டி. கவுண்டி என்பது நம் தாலுகாவைப் போன்ற ஒரு நிர்வாகப் பிரிவு. 2020 கணக்கெடுப்பின்படி இங்கே சுமார் 10,500 பேரே வாழ்ந்தனர்.

அன்றைய நிலை

1920-களில் அங்கே மோட்டார் செல்லும் சாலை இல்லை. ஓடைகளின் வழியே குதிரையிலும் கோவேறு கழுதையிலும்தான் பயணம். பிரசவம் பார்த்தவர்கள் முறையான பயிற்சி பெறாத வயதான மருத்துவச்சிகள். தன் இரு பிள்ளைகளையும் சாகக்கொடுத்த மேரி பிரெக்கின்ரிட்ஜ் என்ற செவிலியர், 1923-ல் குதிரையேறி அவர்களை வீடு வீடாகச் சந்தித்து நிலைமையை அறிந்தார். பின்பு இங்கிலாந்து சென்று பிரசவப் பயிற்சி பெற்றுத் திரும்பினார்.

அவர் செய்தது

1925-ல் அவர் தொடங்கிய பணியே பிற்பாடு 'ஃப்ரான்டியர் நர்சிங் சர்வீஸ்' என்று பெயர் பெற்றது. 1928-ல் ஹைடன் என்னும் ஊரில் ஒரு சிறு மருத்துவமனை திறக்கப்பட்டது. அதைச் சுற்றிலும் மலைகளில் செவிலியர் நிலையங்கள் எழும்பின. ஒவ்வொரு வீட்டுக்கும் ஏறக்குறைய ஐந்து மைலுக்குள் ஒரு செவிலியர் இருக்கவேண்டும் என்பதே திட்டம். செவிலியர்கள் சேணப்பைகளில் மருந்தோடு சென்று, கர்ப்பவதிகளைப் பார்த்தார்கள். டைபாய்டு, தொண்டை அடைப்பான் நோய்களுக்குத் தடுப்பூசியும் போட்டார்கள்.

பிரசவத்துக்குக் கட்டணம் 5 டாலர். பணமில்லாதவர்கள் பொருளாகவோ உழைப்பாகவோ கொடுக்கலாம். மீதிச் செலவைத் தூர நகரங்களில் இருந்த நன்கொடையாளர்கள் தாங்கினார்கள். அவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு மடல் போனது, இந்த மடல் உங்களிடம் வருவதுபோல.

பலன்

முதல் 1,000 பிரசவங்களை ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஆராய்ந்தது. பிரசவத்தின் நேரடிக் காரணத்தால் ஒரு தாய்கூட மரிக்கவில்லை. அந்நாட்களில் அமெரிக்கா முழுவதிலும் 1,000-க்கு ஆறு, ஏழு தாய்மார் மரித்துக்கொண்டிருந்தார்கள்.

இன்றைய சவால்கள்

இன்று அங்கே சாலை உண்டு, மருத்துவமனையும் உண்டு. ஆனால் வியாதிகள் மாறிவிட்டன. சர்க்கரை நோய், புகையிலையால் வரும் நோய்கள், வலி மாத்திரைகளுக்கு அடிமையாதல் ஆகியவை மலைக் குடும்பங்களை வாட்டுகின்றன. மத்திய அப்பலாச்சியாவில் 25 ஆண்டுகளோ அதற்கு மேலோ சுரங்கத்தில் உழைத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நிலக்கரித் தூசியால் நுரையீரல் கெட்டிருப்பதாக 2018-ல் வெளியான ஆய்வு காட்டியது. இவை ஒருநாள் சிகிச்சையில் தீராதவை. வருடக்கணக்கில் ஒருவர் கூடவே இருந்து கவனிக்க வேண்டியவை. ஆகவே பக்கத்தில் ஒரு செவிலியர் வேண்டும் என்ற பழைய தேவை இன்றும் தீரவில்லை.

நமக்குப் பாடம்

1. கட்டடத்துக்குக் கொடுப்பது எளிது, கல்வெட்டில் பெயர் நிற்கும். செவிலியரின் சம்பளத்துக்கும் குதிரையின் தீவனத்துக்கும் கொடுத்தவர்களே அந்தத் தாய்மாரைக் காப்பாற்றினார்கள்.
2. நோயாளி வரட்டும் என்று காத்திராமல், நாம் போகவேண்டும்.
3. கணக்கு எழுதி வைக்கவேண்டும். 1,000 பிரசவங்களின் பதிவேடு இல்லாவிட்டால் இந்த உண்மை வெளியே தெரிந்திராது.

சிந்திக்க: உங்கள் ஊரில் கடைசி வீட்டிலிருக்கும் கர்ப்பவதிக்கும் மிக அருகிலுள்ள செவிலியருக்கும் இடையே எத்தனை மைல்?