மஞ்சளின் நிறமும் புற்றுநோயும்

கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கமும் கல்வராயன் மலையிலும் மஞ்சள் போடும் விவசாயிகள் சிலர், "மஞ்சள் தின்றால் புற்றுநோய் பரவாதாமே, உண்மையா?" என்று கேட்பதுண்டு. பாதி உண்மை.

மஞ்சளுக்கு நிறம் தருவது குர்குமின் என்ற பொருள். ஐரோப்பிய விஞ்ஞானிகள் இதை 1815-ல் பிரித்தெடுத்தார்கள். காய்ந்த மஞ்சளில் பொதுவாக 100-க்கு 2 முதல் 5 பங்கு இருக்கும். பவானிசாகரில் உருவாக்கிய பி.எஸ்.ஆர். 1 ரகத்தில் 4.2 சதம்.

வயல் நண்டு வரப்பைக் குடைந்து அடுத்த வயலுக்குப் போவதைப் பார்த்திருப்பீர்கள். புற்று அணுவும் அப்படித்தான். சுற்றியுள்ள சதையைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து வழி உண்டாக்கி, ரத்தக் குழாயில் புகுந்து வேறு உறுப்பில் குடியேறுகிறது. ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்று அணுக்களுக்குக் குர்குமின் கொடுத்தபோது இந்த நொதிகள் குறைந்தன. பேச்சு கிளம்பியது இதிலிருந்துதான்.

ஆனால் வயிறு கண்ணாடித் தட்டு அல்ல. உண்ட குர்குமினில் மிகச் சொற்பமே ரத்தத்தில் சேரும். அதையும் கல்லீரல் மாற்றிவிடும். அமெரிக்காவில் கணையப் புற்று நோயாளிகளுக்குத் தினம் 8 கிராம் குர்குமின் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008-ல் வெளிவந்தது. கணக்கில் எடுத்துக்கொண்ட 21 பேரில் இருவரிடம்தான் பலன் தெரிந்தது. அதில் ஒருவருக்குக் கட்டி சுருங்கியது சிறிது காலத்துக்கே. 8 கிராம் குர்குமினுக்கு நல்ல மஞ்சள் தூளே 200 கிராம் வேண்டும்! யாரால் தின்ன முடியும்?

நிறமியை மாத்திரையாக்கினால் கெடுதல் வந்ததும் உண்டு. கேரட்டின் நிறமியைப் பின்லாந்தில் புகைபிடிப்போருக்குப் பல ஆண்டு கொடுத்தார்கள்; நுரையீரல் புற்று 18 சதம் கூடியதாக 1994-ல் தெரிந்தது. ஆகவே குழம்பில் மஞ்சள் இருக்கட்டும். ஆறாத புண்ணோ, கரையாத கட்டியோ இருந்தால் மஞ்சளை நம்பி நாள் கடத்தாமல் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். ஜிப்மரிலும் அடையாறு புற்றுநோய் நிலையத்திலும் சிகிச்சை உண்டு. பாதியில் நிறுத்திவிட்டு வீட்டில் மஞ்சள் அரைப்பது உயிரோடு விளையாடுவது.

இனி நம் களத்துக்கு வருவோம். நிறத்துக்குத்தான் விலை என்பதால், பாலிஷ் போடும்போது குரோம் மஞ்சள் என்ற சாயத்தைச் சேர்ப்பவர்கள் உண்டு. அது ஈயக் குரோமேட். ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். குரோமியம் புற்றுநோயையே உண்டாக்கக்கூடியது. புற்றுக்கு மருந்தென்று பேர் வாங்கிய பொருளில் புற்று தரும் சாயமா? உணவுப் பொருளில் இதற்குத் தடையும் உண்டு.

நல்ல நிறத்துக்கு வழி நம் கையிலேயே இருக்கிறது. வெட்டிய இரண்டு மூன்று நாளுக்குள் அவித்துவிட வேண்டும். நுரை கட்டி, வெண்புகையுடன் மஞ்சள் வாசனை வந்தால் இறக்கும் பக்குவம். அதிகம் வெந்தால் நிறம் கெடும். வேகாவிட்டால் விரலி நொறுங்கும். பிறகு பாயில் பரப்பி 10 முதல் 15 நாள் காயவிட வேண்டும். மழை படக் கூடாது. பாலிஷ் முடியும் தறுவாயில் பளிச்சென்று வர வேண்டுமானால், நம் மஞ்சள் தூளையே தண்ணீரில் கரைத்துத் தெளித்து உருட்டினால் போதும்.